உக்காந்துதான் பேசுறேன்

கனிஷ்காவுக்குச் சடை பின்ன வேண்டுமென்றால் தாயும் மகளும் நடந்தாக வேண்டும். ஊரில் எந்த வீட்டிலாவது இப்படி ஒரு கூத்து உண்டா? காலை ஏழரை மணிக்குப் பள்ளிச் சீருடையோடு மகள் முன்னால் போவாள். வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு, கையில் மூன்று பிரி முடியைப் பிடித்தபடி கயல்விழி பின்னால் போவாள். வாசலிலிருந்து கொல்லைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒரு நடை, திரும்பி வாசலுக்கு ஒரு நடை. ஒரு சடைக்கு நாலு நடை, இன்னொரு சடைக்கு நாலு நடை. ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண் முதலில் சிரித்தாள், பிறகு பழகிக்கொண்டாள். இப்போதெல்லாம் வாசல் பக்கம் வரும்போது எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களோ என்று தலையைக் குனிந்துகொள்கிறாள். முடியைப் பிடித்திருக்கிற கைக்கு அந்தக் குனிவு தெரியாமல் போகுமா?

விஷயம் ஒன்றுதான். கயல்விழியால் உட்கார முடியவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் புரிந்துகொள்ளக் காணோம். வலிக்கிறதா என்றால் வலி இல்லை. அரிக்கிறதா என்றால் அரிப்பும் இல்லை. உட்கார்ந்த மாத்திரத்தில் எலும்புக்குள்ளே என்னவோ முறுக்கும், எழுந்திரு எழுந்திரு என்று இரண்டு காலும் பிடுங்கும். நடந்தால் கொஞ்சம் அடங்கும். அதனால் நின்றுகொண்டே சாப்பாடு, நின்றுகொண்டே டிவி. படுத்தாலும் பாய்க்குள் கால் இரண்டும் தனியே உதைத்துக்கொண்டு கிடக்கும். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கார்த்திகையில் ஆரம்பித்து இந்த ஆனியோடு ஏழு மாதம். எவளாவது ஒருத்தி ஒரே ஒரு நாள் இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும் என்று அவள் மனசுக்குள் கறுவாத நாள் கிடையாது.

போன ஆடியில் அவளுக்கு மனநோய் வந்தது உண்மை. அதை அவள் எங்கேயும் மறைத்ததில்லை, மறைக்கிற மாதிரியும் அது வரவில்லை. சுற்றுகிற ஃபேனுக்குள்ளிருந்து தெருப் பெண்கள் தன்னைத் திட்டுவது காதில் கேட்டது. சோற்றில் யாரோ என்னவோ கலக்கிறார்கள் என்று குண்டானோடு தூக்கித் தெருவில் கொட்டினாள். மாத்திரை கொடுத்தால் துப்பினாள். பதினோரு நாள் கண் மூடவில்லை. "யாரும் எதுவும் கலக்கலடி, சாமி சத்தியமா கலக்கலடி" என்று அவள் புருஷன் தேவநாதன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பொம்மைக் கம்பெனிகளுக்குக் குட்டியானை வண்டியில் சரக்கு ஏற்றுகிற ஆள் அவன். வண்டியை நிறுத்திவிட்டு மணவாளநல்லூர் முருகன் கோயிலுக்குப் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டினான். என் பெண்டாட்டிக்குப் புத்தியைத் திருப்பிக் கொடு என்று எழுதினானாம். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பார்கள். அதற்குள்ளாகவே குரல்கள் அடங்கிவிட்டன. கொளஞ்சியப்பர் கைவிடவில்லை என்று தெருவே பேசியது, கயல்விழியும் அப்படித்தான் நம்பினாள்.

தெளிந்த பிறகு அவளே கேட்டுத்தான் முகாமுக்குப் போனாள். மாதம் ஒருமுறை ஏதோ ஒரு டிரஸ்ட்காரர்கள் கல்யாண மண்டபத்தில் நடத்துகிற முகாம். அங்கே கொடுத்த மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள். யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஃபேனுக்குள் இருந்த நாசகாரிகள் திரும்பி வரக்கூடாது என்கிற பயம் அவளைவிட யாருக்கு அதிகம்? மாத்திரை மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்த முகாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டர் மேல்தான்.

"கூட வந்தது யாரு?" என்பார். தேவநாதன் முன்னால் போவான். அதற்குப் பிறகு அந்த மனிதரின் கண் அவள் பக்கம் திரும்பாது.

"தூங்குறாங்களா?"

"கொஞ்சம் கொஞ்சம் சார்."

"சாப்புடுறாங்களா?"

"நின்னுகிட்டே சாப்புடுது சார். நடந்துகிட்டே இருக்குது. உக்காருன்னா எரிஞ்சி விழுது."

"கோபம் வருதா?"

"ரொம்ப வருது சார்."

"அப்ப இன்னும் கட்டுக்குள்ள வரல" என்று சொல்லிவிட்டு மாத்திரையைக் கூட்டி எழுதுவார். "சார், என் காலுதான் சார்" என்று கயல்விழி குறுக்கே போனால், "பாத்தீங்களா, இதத்தான் சொல்றேன்" என்று தேவநாதனிடம் சொல்வார். இரண்டு தடவை இப்படி நடந்தது, இரண்டு தடவையும் மாத்திரை கூடியது. மூன்றாவது தடவை அவள் வாயே திறக்கவில்லை. உப்புப் போட்டுச் சோறு தின்கிற எவனுக்கும் வருகிற கோபம் தனக்கு வந்தால் மட்டும் அது நோய்க்கணக்கில் சேரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு "நல்லா அமைதியா இருக்காங்களே" என்று டாக்டர் பாராட்டினார். அவளுக்கு அந்த மேசையைக் கவிழ்க்கலாம்போல இருந்தது.

இதற்கெல்லாம் நடுவே அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. தேவநாதன் காலையில் போட்டுக் கொடுக்கிற டீ.

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ஒரு சுடுதண்ணீர் வைத்தறியாத ஆள், அவளுக்கு நோய் வந்ததிலிருந்து தானே பால் காய்ச்சி, தானே டீ போட்டு, அவள் கையில் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கென்று தனிக் கப். நீலக் கரை போட்டது, அவள் முன்பு வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் கழித்துப் போட்டதை அவளே எடுத்துவந்தது. குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பான். "உம் புருசன் மாரி யாருக்கு அமையும்? நீ குடுத்து வச்சவ" என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். ஆமாம், கொடுத்து வைத்தவள்தான் என்று அவளும் பூரித்துப்போனாள்.

நோய்க்கு முன்னால் கயல்விழி எட்டு வருஷம் செராமிக் பொம்மைக் கம்பெனியில் பினிஷிங் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் இரண்டு பக்கமும் ஒட்டுக்கோடு இருக்கும். கத்தியால் அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும். அதில் அவளுக்கு இணை அங்கே யாரும் இல்லை. தெளிந்த பிறகு ஆசையாகத் திரும்பிப் போனாள். இருபது நாள் தாக்குப்பிடித்தாள். ஒரு நாள் கால் உதறியதில் பலகைக்கால் சரிந்து முப்பது பிள்ளையாரும் தரையில் கூழானார்கள். "வூட்டுல ரெஸ்ட் எடும்மா" என்றார் முதலாளி. போய்விட்டு வா என்பதை மரியாதையாகச் சொல்கிறாராம்.

போன திங்கட்கிழமை அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் அம்புஜவல்லி வீடு தேடி வந்தாள்.

"கொலு ஆர்டர் குமிஞ்சி கெடக்குது, கயலு. நான் மொதலாளிகிட்ட ஒனக்காகப் பேசிட்டேன். அடுத்த திங்கக்கெழம வா. காலையிலேர்ந்து மத்தியான மணி அடிக்கிறவரைக்கும் ஒரே எடத்துல உக்காந்து வேல செய்யணும். செஞ்சிட்டா ஒன் எடம் ஒனக்கு. எழுந்து எழுந்து நடந்தா வேற ஆளு போட்டுடுவாங்க, அப்பறம் என்னக் கேக்கக் கூடாது."

"காலு வுடமாட்டேங்குதேக்கா."

"டீ குடிக்கிறியா?"

"காலையில ஒண்ணு."

"அத வுடு. எங்க அண்ணனுக்குக் கை நடுங்கிச்சி, டீய வுட்டதும் நின்னுபோச்சி. ஒரு வாரம் வுட்டுப் பாரேன்."

டீயை விடுவது பெரிய காரியமில்லை. தேவநாதனிடம் எப்படிச் சொல்வது? ஆசையாகப் போட்டுக் கொடுக்கிறவன் முகம் சுருங்கிப் போகுமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை காலையில், "ஏங்க, யாரோ வண்டிய எடுக்கச் சொல்லி ஹாரன் அடிக்கிறாங்க பாருங்க" என்று அவனை வாசலுக்கு அனுப்பிவிட்டுக் கொல்லை முருங்கை அடியில் ஊற்றினாள். புதன்கிழமை வேறொரு சாக்கு. புருஷனை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்குக் குற்ற உணர்ச்சி வேறு. நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை சாயங்காலம் தேவநாதனின் தம்பி வெற்றிவேல் திருப்பூரிலிருந்து வந்தான். பனியன் கம்பெனி வேலை, இருபத்துமூன்று வயது, கருவேப்பிலங்குறிச்சியில் கூட்டாளிக்குக் கல்யாணம் என்று ஒரு வாரம் லீவு. வாய் சும்மா இருக்காது. "என்னா அண்ணி, இன்னிக்கி எத்தன கிலோமீட்டரு? இப்புடியே நடந்தா திருப்பூருக்கு பஸ்ஸே வேணாம்" என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான். அவள் திட்டினாள், அவன் சிரித்தான். அவன் கிண்டலில் விஷம் இல்லை என்று தெரிந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

வியாழக்கிழமை முருங்கை அடியில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான். "அண்ணி! எங்க அண்ணன் போட்ட டீய மரத்துக்கு ஊத்துறீங்களா? கொண்டாங்க இங்க." வாங்கி ஒரே மடக்கில் குடித்தான்.

"அவருகிட்ட சொல்லிடாத வெற்றி. மனசு கஷ்டப்படும்."

"நான் ஏன் சொல்றேன்? டெய்லி எனக்கு ஒரு டீ மிச்சம்."

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அதிசயம் நடந்தது. சடை பின்ன எழுந்த கயல்விழி, என்னவோ தோன்றி, வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள். கால் சும்மா இருந்தது. இல்லை, கொஞ்சம் குறுகுறுத்தது, ஆனால் பிடுங்கவில்லை. "கனிஷ்கா, இங்க வந்து உக்காரு" என்றாள். மகள் நம்பாமல் பார்த்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டு சடையும் பின்னி முடிக்கிறவரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று பயம். முடிந்ததும், "அம்மா, சரியாயிடுச்சா?" என்று திரும்பாமலே கேட்டாள் கனிஷ்கா. கயல்விழி ரிப்பன் முடிச்சை இன்னொரு தடவை இழுத்து இறுக்கினாள். "டீதாண்டி. பாழாப்போன டீதான் இத்தினி நாளும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கம்பெனியில் உட்கார்ந்துவிடலாம் என்று அப்போதுதான் தைரியம் வந்தது.

சனிக்கிழமையும் டீயை வெற்றிவேலே குடித்தான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவன், "அண்ணி" என்று ஒரு மாதிரியாகக் கூப்பிட்டான். நாக்கு தடித்து வெளியே வந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்கக் கழுத்து இடது தோள் பக்கம் தானே திருகிக்கொண்டு போனது. கண் இரண்டும் மேலே செருகி நின்றுவிட்டன. திருப்ப முயன்றான், திரும்பவில்லை. வாய் கோணி எச்சில் வழிய, மிரண்டுபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கிண்டலும் கேலியுமாக இருந்த பையன் அழுதான்.

தெரு கூடிவிட்டது. காத்துக்கருப்பு என்றது ஒரு குரல், வலிப்பு, கையில் சாவியைக் கொடு என்றது இன்னொன்று. கம்பெனி வாசலில் நின்ற தேவநாதன் வண்டியோடு பறந்து வந்தான். பின்னால் தம்பியைப் படுக்கவைத்து, தலையைக் கயல்விழி மடியில் வைத்துக்கொள்ள, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் நர்சிங் ஹோமுக்கு ஓட்டினான். வழி நெடுக ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர் ஜெயஸ்ரீ சின்ன வயது. வெற்றிவேலைப் பார்த்ததுமே நர்சிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"என்ன மாத்திர சாப்பிட்டாரு?"

"ஒண்ணுமில்ல மேடம். நல்லா இருந்த பையன்" என்றான் தேவநாதன்.

"மனநோய்க்குக் குடுக்கற சில மருந்துதான் இப்படிக் கழுத்தப் புடிச்சி இழுக்கும். வீட்டுல யாராவது அந்த மாதிரி மருந்து சாப்பிடுறாங்களா?"

தேவநாதன் கயல்விழியைப் பார்த்தான். நர்சும் பார்த்தாள். "அடிப்பாவி, ஒன் மாத்திரய அவனுக்குக் குடுத்தியா?" என்று அத்தனை பேருக்கு முன்னாலும் கத்தினான். "புத்தி பெரண்டு போயி என் தம்பிக்குக் குடுத்துட்டியா?"

"நான் ஏங்க குடுக்குறேன்? எம் மாத்திர அட்டையிலதான் இருக்குது, வூட்டுக்கு வந்து எண்ணிப் பாருங்க" என்றாள். "நான் அவனுக்கு எதுவும் குடுக்கல. நீங்க எனக்குப் போட்ட டீயத்தான் மூணு நாளா அவன் குடிச்சான்."

தேவநாதன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை அவள் பார்த்தாள். அந்த முகம் சொன்னதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஜெயஸ்ரீதான் மெதுவாகக் கேட்டாள்: "டீயில என்ன கலந்தீங்க?"

கலந்தது சொட்டு மருந்து. போன ஆடியில் அவள் மாத்திரையைத் துப்பியபோது வெளியூர் டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அவளாக மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கிறவரைக்கும் கலந்து கொடுங்கள் என்று சொன்னாராம். கார்த்திகையில் அவள் சாப்பிட ஆரம்பித்தாள், இவன் நிறுத்தவில்லை. பழைய சீட்டையே காட்டிக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தான். முகாம் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "முழுங்குதோ, துப்புதோன்னு ஒரு பயம் மேடம். ரெண்டும் இருந்தா நல்லதுதானேன்னு..." என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

கட்டிலில் ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கால் மணி நேரத்தில் வெற்றிவேலின் கழுத்து நேரானது. டாக்டர் அவன் நெற்றியில் கை வைத்து, "ரொம்ப பயந்துட்டீங்களா? இது மருந்தோட வேலதான், உங்க தப்பு இல்ல. பாவம், ரொம்ப அவஸ்தையா இருந்திருக்கும்" என்றாள்.

பாவம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கயல்விழிக்குள் எதுவோ அறுந்தது. மூன்று நாள் குடித்தவனுக்குக் குட்டியானை பறக்கிறது, தெரு திரளுகிறது, ஊசி ஓடி வருகிறது, பாவம் வருகிறது. ஏழு மாதம் தவித்தவளுக்கு என்ன வந்தது?

"நீ..." என்றாள் தேவநாதனைப் பார்த்து. பதினாலு வருஷமாக 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. "நீயெல்லாம் ஒரு மனுசனா? தெனம் பக்கத்துல நின்னு, குடிச்சி முடிச்சியான்னு பாத்தியே, ஆசையில நிக்கிறன்னு நெனச்சேன்டா பாவி!" குரல் வார்டு முழுக்கக் கேட்டது. அவள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே வேகவேகமாக நடந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் வாசலைப் பார்த்து, "யாராவது வந்து இந்தம்மாவக் கொஞ்சம் புடிங்க" என்றாள்.

தேவநாதன் டாக்டரிடம் தணிந்த குரலில் சொன்னான்: "மேடம், அதுக்குத் திரும்ப ஆரம்பிக்குது. பாருங்க, நடக்குது. ஒரு ஊசி போட்டுடுங்களேன்."

கயல்விழி நின்றாள். இந்த வழி அவளுக்கு நன்றாகத் தெரியும். கத்தினால் ஊசி, நடந்தால் மாத்திரை. சுற்றும் முற்றும் பார்த்தாள். சுவரோரம் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதை இழுத்துத் தேவநாதனுக்கு நேர் எதிரே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கி, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து வைத்தாள்.

"உக்காந்துதான் பேசுறேன். மேடம், நீங்க என் காலப் பாருங்க. ஆடுதா?"

டாக்டர் பார்த்தாள். ஆடவில்லை.

"அஞ்சு நாளா நான் அந்த டீயக் குடிக்கல. அதான் ஆடல. ராத்திரி மாத்திரய ஒரு நாள் வுட்டதில்ல, இன்னிக்கும் போடுவேன். எனக்கு நோவு இருக்குது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப எனக்கு வந்திருக்குறது நோவு இல்ல, கோவம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுங்ககிட்ட நான் ஏழு மாசமா மாட்டிகிட்டு இருக்குறேன்." தேவநாதன் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. "எனக்குப் பைத்தியம் புடிச்சிருந்தப்ப, சோத்துல என்னமோ கலக்குறாங்கன்னு சொன்னேன். கலக்கலடின்னு சாமி மேல சத்தியம் பண்ணுன. அன்னிக்கி நீ கலக்கல, அது நெசம். அப்பறம் நான் துப்புனப்ப கலந்தியே, அதக்கூட வுடு, அப்ப எனக்குப் புத்தி இல்ல. புத்தி வந்தப்பறம் ஏன் சொல்லல? தெளிஞ்சவளுக்குத் திருட்டுத்தனமா கலந்து குடுத்துட்டு, உக்கார முடியலன்னு நான் அழுதா, நோவு கூடிப்போச்சின்னு டாக்டருகிட்ட சொன்னியே! எம் பொண்ணு தெருவுல தலையக் குனிஞ்சிகிட்டு நடந்தாளே! எம் வேல போச்சே! கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதுனியே, அதுல இதயும் எழுதுனியா?"

கட்டிலிலிருந்து வெற்றிவேல்தான் பேசினான். நாக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

"ண்ணா. நேத்திலேர்ந்து எனக்கும் காலு ஒரு எடத்துல நிக்கல. கல்யாண வூட்டுல உக்கார முடியாம வெளிய சுத்திகிட்டு இருந்தேன். மூணு நாளு ண்ணா. மூணே நாளு." கயல்விழியைப் பார்க்காமல் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். "கிலோமீட்டருன்னு கிண்டல் பண்ணுனேனே அண்ணி."

டாக்டர் ஜெயஸ்ரீ இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கயல்விழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், தூக்கத்தில் உண்டா என்று ஒவ்வொன்றாக அவளிடமே கேட்டாள். இதற்கு அகாதீசியா என்று பெயர், மருந்தால் வருவது, டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், இதற்கென்று மாத்திரையும் உண்டு என்றாள். ராத்திரி மாத்திரையை நிறுத்த வேண்டாம், சொட்டு மருந்து இனிமேல் வேண்டாம், இந்தக் கடிதத்தை முகாம் டாக்டரிடம் நீங்களே கொடுங்கள் என்று எழுதி அவள் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு ஒரு பேரே இருக்குதா மேடம்?"

"இருக்கும்மா. புஸ்தகத்துலயே இருக்கு."

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை. புத்தகத்தில் பெயர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, ஏழு மாதமாக ஒருத்தன் அவள் காலைக் குனிந்து பார்க்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் "எங்க அது?" என்றாள். தேவநாதன் சாமி அலமாரிக்குப் போனான். கொளஞ்சியப்பர் படத்துக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தான். ஒரு சின்னப் புட்டி, பழைய சீட்டு சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அந்தப் படத்துக்குத்தான் அவள் தினமும் விளக்கேற்றி, என் காலைச் சரியாக்கு என்று கும்பிட்டாள். புட்டியை வாங்கி டாக்டரின் கடிதத்தோடு வைத்தாள். அன்றைக்கும் மறுநாளும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி மாத்திரையை மட்டும் அவன் பார்க்கும்படி எதிரே நின்று வாயில் போட்டு, நாக்கை நீட்டிக் காட்டினாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். தாழ்த்தட்டும்.

திங்கட்கிழமை கம்பெனியில் உட்கார்ந்தாள். முதல் ஒரு மணி நேரம் கை வேலையில் இல்லை, மனசெல்லாம் காலில். பலகைக்காலை ஒட்டி வேண்டுமென்றே பாதத்தை வைத்துக்கொண்டாள், உதைத்தால் உதைக்கட்டும், தெரிந்துவிடட்டும் என்று. ஒருமுறை முழங்கால் துடித்தது. பல்லைக் கடித்தாள், நின்றது. பிறகு ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை வளைவில் ஸ்பாஞ்சைச் செலுத்தும்போது காலை மறந்துபோனாள். மத்தியான மணி அடித்தபோது மூன்று பலகை நிறைந்திருந்தது. அம்புஜவல்லி எண்ணிப் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல, எல்லாம் அந்த டீதான்" என்றாள். கயல்விழி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டு, "ஆமாக்கா, டீதான்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். பால் காய்ச்சி, தூள் போட்டு, இரண்டு கப்பில் ஊற்றினாள். நீலக் கரை போட்ட கப்பைத் தேவநாதனிடம் கொடுத்தாள். தன் கப்போடு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

இரண்டு நாளுக்குப் பிறகு அவள் கையால் ஏதோ கொடுக்கிறாள் என்று ஆவலாகத்தான் வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோனவன் நடுவில் நிறுத்தினான். கப்புக்குள் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி கப்புக்குள் பார்த்தான்.

"குடி" என்றாள். "ஒண்ணும் கலக்கல."

"தெரியும்" என்றான். ஆனால் குடிக்கவில்லை. கை கப்பைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது.

கயல்விழி தன் டீயை ஒவ்வொரு மடக்காகக் குடித்து முடித்தாள். நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது. அவன் கப்பில் ஆடை படிந்தது.

"பதினோரு மாசம் நீ குடுத்ததக் குடிச்சேன்" என்றாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் உள்ள பாத்ததில்ல."